குடிபெயர்ந்தவர் என்று அச்சடித்த சீட்டு

10 நவ., திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. விழுப்புரத்தில் பஸ் ஏறும்போதே சுடிதார் முழங்கால் வரை நனைந்தாச்சு. விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரி வரிசை, அரை மணி நேரம் காலி. திண்டிவனம் வந்து சேர பத்தரை.

இன்றைய வேலை:
விரல் மெஷின் பொருத்தல்.
பில் ரோல் இரண்டு.
ஒழுகும் மூலைக்கு வாளி.
எண்ணும் மேஜைக்கு வார்னிஷ்.
பல் டாக்டர் (போகல. நாளைக்கும் போக மாட்டேன்).

அடுத்த செவ்வாய் திறப்பு. பழைய ரைஸ் மில்லை மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே நம்ம கண்காட்சி, 'மெஷினும் மக்களாட்சியும்'. எல்லாமே தொட்டுப் பார்க்கிற சாமான். சீட்டைப் பெட்டியில் போட்டுக் கையால் எண்ணலாம், மெஷினோடு போட்டியும் போடலாம். ஒரு வதந்தி எத்தனை போனுக்குப் போகிறது என்று வரிசையாக விளக்கு எரியும். ஆனால் மொத்தத்துக்கும் உயிர் விரல் மெஷின்தான். என் ஐடியா, என் டிசைன். திரையில் பெயரைத் தட்டி விரலை வைத்தால், 'உங்கள் பெயர் பட்டியலில் உள்ளது, வாக்களிக்கலாம்' என்று சீட்டு வரும். பத்தில் ஒருத்தருக்கு மட்டும் 'பெயர் நீக்கப்பட்டுள்ளது'. அந்த ஒருத்தருக்கு வயிற்றில் பகீர்னு ஆகணும். பெயர் போனால் என்ன போகுதுன்னு அப்பதான் தெரியும்.

குமரனோடு சண்டை. வயர் வேலை, புரோகிராம் எல்லாம் அவன்தான், குயிலாப்பாளையத்தில் பட்டறை. சீட்டின் அடியில் 'இது கண்காட்சிக்கான மாதிரி' என்று ஒரு வரி போட்டிருந்தான். எடுக்கச் சொன்னேன்.

"எதுக்குக்கா? இருந்துட்டுப் போவட்டுமே."

"அதைப் பாத்தா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க குமரா. வெளிய போற வாசல்ல பெரிய போர்டு வைக்கிறோம்ல, அங்க தெரிஞ்சிக்கட்டும்."

"போர்டே இன்னும் வரலியேக்கா."

"வரும்டா."

முறைத்துக்கொண்டே எடுத்தான். நீக்கியதற்குக் காரணம் நாலு எழுதிக் கொடுத்தேன். இறந்தவர். இரட்டைப் பதிவு. குடிபெயர்ந்தவர். முகவரியில் இல்லை. மெஷின் தானாக ஒன்றைப் பொறுக்கும். எழுத்து, இடைவெளி, மேலே ஒரு வட்ட முத்திரை, எல்லாம் ஆபீஸ் காகிதம் மாதிரியே. ரொம்பப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லுவானேன்.

நாலு மணிக்கு டீ, மிளகாய் பஜ்ஜி. திரும்பி வந்தால் ஹால் பாதி பெருக்கினபடி கிடக்கு. துடைப்பம் நடு ஹாலில். பெருக்கித் துடைக்கிற சகாயமேரி அக்கா சொல்லாமலே கிளம்பியாச்சு. என்ன அவசரமோ.


11 நவ., செவ்வாய்

தூறல். சகாயக்கா வரல. போன் ஸ்விட்ச் ஆஃப்.

பிளைவுட் அறுத்த தூள் எல்லாம் டச் ஸ்க்ரீனில். வார்னிஷ் மேல் தூசி உட்கார்ந்து, எண்ணும் மேஜை முழுக்கச் சொரசொர. மறுபடி தேய்க்கணும். நானே துடைப்பம் எடுத்தேன். இடுப்பு போச்சு.

கு. சொன்னான், "ஒரு நாளும் லீவு போடாத ஆளுக்கா. உடம்பு முடியலியோ என்னமோ."

"உடம்பு முடியலன்னா ஒரு போன் பண்ணக் கூடாதா? திறப்பு விழா நேரத்துல ஒரே பேஜாரு."

இதை ஏன் எழுதி வைக்கிறேன் என்றால், நான் எவ்வளவு நல்லவள் என்று எனக்கே ஞாபகம் இருக்கட்டும். (இந்த வரி இரண்டு நாள் கழித்துச் சேர்த்தது.)


12 நவ., புதன்

மழை விட்டது. வெயில், புழுக்கம். சகாயக்கா இன்றைக்கும் இல்லை.

சென்னையிலிருந்து டைரக்டர் மேடம் வீடியோ காலில். "விரல் மெஷின்தான் ஹைலைட், அதுல கை வைக்காதீங்க." தலை ஆட்டினேன். வேறு ஆளைப் பெருக்க வைக்கவும் சொன்னார். அதற்கும் ஆட்டினேன்.

மதியம் கு. மெஷினின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். யார் பெயர் தட்டினார்கள், என்ன பதில் போச்சு, எல்லாம் உள்ளே பதிவாகும். திங்கட்கிழமை நாங்கள் போட்டுப் பார்த்த பெயர்கள்: குமரன், குமரன், அஅஅஅ, பஜ்ஜி. இப்படித்தான். திடீரென்று, "அக்கா, இங்க வாங்க" என்றான். குரல் சரியில்லை.

திங்கள், மாலை 4.12. சகாயமேரி. நீக்கப்பட்டுள்ளது. காரணம்: குடிபெயர்ந்தவர்.

திரையைத் துடைத்திருப்பாள். தொட்டதும் 'உங்கள் பெயர் என்ன?' என்று அது கேட்டிருக்கும். கேட்டால் பதில் சொல்லணும் இல்லையா. எட்டாவது வரை படித்தவள், ஒவ்வொரு எழுத்தாய்த் தேடித் தட்டியிருப்பாள். விரலையும் வைத்திருப்பாள். நாங்கள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம்.

அவள் குடிபெயர்ந்தவள்தான். வாழ்க்கைப்பட்டது விக்கிரவாண்டி பக்கம், புருஷன் போன பிறகு திண்டிவனத்துக்கு வந்து ரெண்டு வருஷம். இப்போது ஊரெல்லாம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிறோம் என்று வீடு வீடாகப் படிவத்தோடு வந்துகொண்டிருக்கிற நேரம் வேறு. கையில் முத்திரை போட்ட சீட்டு.

கு. 'நான் அப்பவே சொன்னேனே' என்று திட்டியிருந்தால்கூடத் தேவலை.


13 நவ., வியாழன்

காலை ஏழரைக்கு சகாயக்கா வீடு. பூட்டு. பக்கத்து வீட்டம்மா வாசலில் முறம் வைத்து மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சகாயமா? கண்டாச்சிபுரம் போயிருக்கு, அண்ணன் வூட்டுக்கு. பேரை எடுத்துட்டாங்களாம் அதுக்கு. ஒரே அழுவ. பொறந்த ஊர்ல போயி எழுதி வாங்கினு வான்னு நான்தான் சொன்னேன். அந்த அண்ணன் வாச மிதிக்க மாட்டேன்னு பதினோரு வருஷமா வைராக்கியமா இருந்த ஆளு, பாவம்."

ஏன் மிதிக்க மாட்டாள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அம்மா செத்தபோது இவள் வந்து சேருவதற்குள் அண்ணன் அடக்கம் பண்ணிவிட்டாராம். முகம் பார்க்கவில்லை.

திண்டிவனம் – விழுப்புரம் – கண்டாச்சிபுரம். இரண்டு பஸ், சாப்பாடு இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் யாரிடமோ, "ஆதார் இருந்தா போதாதாம்பா, வேற இன்னமோ கேக்குறாங்களாம், ஜல்தியா தேடு" என்று கத்திக்கொண்டே வந்தார். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணன் பெயர் அந்தோணிசாமி. மார்க்கெட் தெருவில் உர மூட்டை வியாபாரம். அவள் அங்கே இல்லை. நேற்றே வந்து போய்விட்டாள். அங்கிருந்து விழுப்புரம் ஆபீஸ் போவதாகச் சொன்னாளாம். 'சகாயக்கா வேலை பார்க்கிற இடத்திலிருந்து வர்றேன்' என்று மட்டும் சொன்னேன். நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார்.

"உள்ள வரல மேடம் அவ. வாசப்படிக்கு வெளியவே நின்னுக்கினு, 'நான் இந்த வீட்டுப் பொண்ணுன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடு'ன்னு கேட்டா. என் தங்கச்சி என்னாண்ட அப்படிக் கேக்குறா! நான் செஞ்சது தப்புதான். மழை, பொணம் தாங்காதுன்னு சொன்னாங்க, எடுத்துட்டேன். அதுக்கு அவ என்ன செருப்பால அடிச்சிருந்தாலும் வாங்கினு இருப்பேன். என் தங்கச்சிய இப்படி வந்து நிக்க வெச்சிட்டாங்களே. யாரு மேடம் அது? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

அதுதான் செய்தேன். எழுத்தில் போட்டு வைக்கிறேன். தெரியாது என்று தலையாட்டிவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். சீ.


14 நவ., வெள்ளி

மறுபடி மழை. சாயங்காலம் ஐந்து மணிக்கு சகாயக்கா வீட்டில் ஆள் இருந்தது. பஸ்ஸில் வந்து அப்போதுதான் இறங்கியிருக்கிறாள், ஈரத் தலை. "வாங்க மேடம், வேலைக்கு வர முடியல, மன்னிச்சிக்கங்க" என்று அவள் ஆரம்பித்தாள். அவள் என்னிடம் மன்னிப்பு கேட்கிறாள்!

பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோச்சு. "அந்தச் சீட்டு நெஜம் இல்லக்கா. நான் எழுதினது" என்றேன்.

புரியல. ரவிக்கையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அதற்குள் சீட்டு, நாலாக மடித்தது. பிரித்து என் பக்கம் திருப்பினாள்.

"முத்திரை இருக்குதே."

"அதையும் நான்தான் வரைஞ்சேன்."

"எதுக்கு?"

சொன்னேன். பத்தில் ஒருத்தர். பகீர்னு ஆகணும். பெயரின் அருமை தெரியணும். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"அந்த ஒருத்தர் யாருன்னு யாரு முடிவு பண்றது?"

"யாரும் இல்லக்கா. மெஷின் தானா பொறுக்கும்."

"மெஷின பண்ணது?"

"நான்."

மேடம் போய் நீ ஆனது அப்போதுதான். "எனக்குப் பேரோட அருமை தெரியாதுன்னா நீ நெனச்ச? அதத் தெரிய வெக்கத்தான் என்ன அவன் வாசல்ல கொண்டு போயி நிக்க வெச்சியா? ஆபீஸ்ல ரெண்டு நாளு வரிசைல நின்னேன். மதியானத்தோட முடிஞ்சிடுச்சு, நாளைக்கு வா, நாளைக்கு வான்னாங்க. எம்மா பொணத்தக்கூடப் பாக்காத நானு, அவன் எழுதுன காயிதத்த மாருல வெச்சினு வர்றேன். இத எங்க கொண்டு போயி வெக்கறது இப்ப? சொல்லு."

அழுதேன். என் அழுகையைப் பார்த்து அவளுக்கு இன்னும் கோபம். "நீ ஏன் அழுவுற?"

அப்புறம் என் போனில் உண்மையான பட்டியலைத் திறந்தேன். அவள் அட்டை நம்பரைப் போட்டேன். இருக்கு. திண்டிவனம் முகவரியிலேயே, பெயர், வயது, புருஷன் பெயர் எல்லாம் சரியாக. சந்தோஷமாகக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுவும் நீ எழுதுனதா?"

திட்டுவதற்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.


15 நவ., சனி

தூக்கம் சரியில்லை. பல் வலி.

கு.விடம் எல்லாம் சொன்னேன். மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்றி வைத்தான்.

டை. மேடத்துக்குப் போன். கோபப்படுவார் என்று நினைத்தால் துள்ளிக் குதிக்கிறார். "இதுதாங்க நமக்கு வேணும்! நம்ம மெஷின் எவ்வளவு பவர்ஃபுல்னு பாருங்க. அந்தம்மா போட்டோ ஒண்ணு, அண்ணன் எழுதின லெட்டர் ஒண்ணு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிடுங்க. அந்தச் சீட்டும்."

இங்கே உண்மையை எழுதணும். போனை வைத்த பிறகு அரை நிமிஷம், பெட்டி எந்த அளவு, விளக்கு மேலிருந்தா பக்கத்திலிருந்தா என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். கை பென்சிலைக்கூட எடுத்துவிட்டது. பிறகுதான் உறைத்தது.

மேடத்துக்கு மெசேஜ்: அந்தக் கடிதத்தைக் கேட்க மாட்டேன், போட்டோவும் கிடையாது. பதில்: ஒரு கட்டைவிரல், கீழ்நோக்கி. போகட்டும்.

வாசல் போர்டு வந்தது. 'மக்களாட்சி' தப்பில்லாமல் இருக்கு. அதுவே பெரிசு.


16 நவ., ஞாயிறு

வானம் மூட்டம். சர்ச்சில் பூசை முடிந்து சகாயக்கா ஹாலுக்கு வந்தாள். நீலப் புடவை, கையில் ஜெபமாலைப் பை. துடைப்பத்தை எடுக்கவில்லை. நேராக மெஷின் முன்னால் போய் நின்றாள். நானும் கு.வும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஓரமாக.

"இத எடுத்துடறோம்கா" என்றேன். "ராத்திரியே முடிவு பண்ணிட்டேன்."

"யாரு எடுக்கச் சொன்னா? வெளிய நெஜமாவே அப்படித்தான நடக்குது. வரிசைல என் பின்னாடி நின்ன பொம்பளைக்கு நெஜமாவே பேரு இல்ல. பிள்ளைங்க பாக்கட்டும். ஆனா நீ பண்ணா மாதிரி பண்ணக் கூடாது."

எப்படிப் பண்ணணும் என்று கேட்டேன். இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், ஒருத்தரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

அவள் சொன்னது:

ஒண்ணு, அந்தப் பையன் போட்ட வரியைத் திரும்பப் போடு. (அவளுக்கு கு. சொல்லிவிட்டான். துரோகி.)

"அப்புறம், சீட்டு வந்ததும் நான் மூணு வாட்டி சுத்திப் பாத்தேன். கேக்கறதுக்கு ஒரு ஆளு இல்ல. இல்லன்னு சொல்லிட்டு மெஷின் பாட்டுக்குக் கம்முனு நிக்குது. மனுஷன் யாராண்ட போவான்? பக்கத்துல ஒரு சேர் போடு. எழுதுனவங்க அதுல உக்காரணும்."

"நான் உக்கார்றேன்கா."

"ஏந்திரிக்கக் கூடாது."

"ஏந்திரிக்க மாட்டேன்."

நீலப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டாச்சு. கு. வரியைச் சேர்த்தான்: 'இது மாதிரிச் சீட்டு. உண்மையான பட்டியலில் உங்கள் பெயர் உண்டா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.' அவளிடம் படித்துக் காட்டினோம். 'சம்பந்தமில்லை'யைப் பெரிசாகப் போடச் சொன்னாள். போட்டோம்.

போகும்போது, அண்ணன் கடிதத்தை என்ன செய்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். நேற்று அந்தோணிசாமி போன் பண்ணினாராம், "பேரு கெடச்சிதா?" என்று. "கெடச்சிதுன்னு சொன்னேன். வேற ஒண்ணும் பேசல. வெச்சிட்டேன்."

நான் யார் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லணும்.


17 நவ., திங்கள்

நாள் முழுக்க வேலை. பூ, ரிப்பன், குத்துவிளக்கு, மைக் செட். சகாயக்கா காலையிலேயே வந்து தரையைக் கண்ணாடியாக்கிவிட்டாள். என்னோடு பேச்சு: "காலத் தூக்கு." "அந்தாண்ட போ." அவ்வளவுதான். மறுபடி மேடம் என்று கூப்பிடவே இல்லை. அதுவே நல்லதாகப் படுகிறது.


18 நவ., செவ்வாய்

வெயில்! பத்து மணிக்குத் திறப்பு. ரிப்பன், கைதட்டல், மைக் இரண்டு முறை போச்சு. அப்புறம் கூட்டம். கான்வென்ட் பிள்ளைகள் எண்ணும் மேஜையில் அடிதடி. ஒரு பெண், "டீச்சர், நான் மெஷின விட ஃபாஸ்ட்டா எண்ணிட்டேன்!" எண்ணிக்கை தப்பு, ஆனால் சந்தோஷம்.

நான் நாற்காலியில். பதினொன்று வரைக்கும் நாலு பேருக்கு 'நீக்கப்பட்டுள்ளது' வந்தது. நாலு பேரிடமும் பேசினேன். ஒரு காலேஜ் பையன் சிரித்தான். ஒரு அம்மா அடி வரியைப் படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்து, "தூக்கிவாரிப் போட்டுச்சு" என்றார். உட்கார வைத்து, உண்மையான பட்டியலைப் பார்ப்பது எப்படி என்று அவர் போனிலேயே காட்டினேன். நல்ல வேலை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்திருக்கக் கூடாது.

பதினொன்றேகால் இருக்கும். எண்ணும் மேஜைப் பக்கத்திலிருந்து டை. மேடம் கையை ஆட்டிக் கூப்பிடுகிறார். சிறப்பு விருந்தினரோடு குரூப் போட்டோ. டிசைனர் இல்லாமல் எப்படி? இரண்டே நிமிஷம். எழுந்து போனேன். மாலை ஒன்று கொடுத்தார்கள், பிடித்துக்கொண்டேன். "இப்படிப் பாருங்க மேடம், சிரிங்க."

சிரித்துக்கொண்டே மெஷின் பக்கம் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, வேட்டி, எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர். கையில் சீட்டு. கண்ணாடி இல்லை, சீட்டைத் தூரப் பிடித்துப் பார்க்கிறார். அடி வரி வரைக்கும் போகவில்லை போலிருக்கு. இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு சீட்டை இரண்டாக மடித்து, இன்னொரு மடிப்பு மடித்து, சட்டைப் பைக்குள் வைத்து, பட்டனைப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். போர்டு எதிரே இருக்கிறது, ஆள் உயரம். அவர் தலை குனிந்திருந்தது.

மாலை இன்னும் என் கையில். போட்டோக்காரன், "ஒன் மோர், ஒன் மோர்."

துடைப்பம் தரையில் விழுகிற சத்தம். சகாயக்கா ஓடுகிறாள். ஹாலே திரும்பிப் பார்க்கிறது.

"அய்யா! நில்லுங்கய்யா! போவாதீங்க! அது பொய்ச் சீட்டு!"

வெளிப்படியில் போய்ப் பிடித்துவிட்டாள். அவர் பயந்துபோய், "எம்பேரு போயிடுச்சிம்மா" என்கிறார். "போவல, போவல" என்று கையைப் பிடித்தாள். விடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, விருந்தினர், டை. மேடம், கேமரா எல்லாவற்றையும் தாண்டி, நேராக என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள்.

"இவங்கதான்யா எழுதுனாங்க. கேளுங்க."

பெரியவர் சட்டைப் பை பட்டனைக் கழற்றி, சீட்டை எடுத்துப் பிரித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். மாலையைக் கீழே வைத்தேன்.